வெப்சைட் எதில் தொடங்குவது? முதல் முறை செய்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

என் சித்தி கோபிச்செட்டிபாளையத்தில் வீட்டிலேயே பொடி வகைகள் செய்து விற்கிறார். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி என்று ஏழு வகை. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அடுப்படியிலிருந்தே கேட்டார்: "ஏன் கண்ணு, நானும் ஒரு வெப்சைட் போட்டுக்கலாம்னு இருக்கேன். ஒருத்தர் விக்ஸுங்கறாங்க, இன்னொருத்தர் வேர்ட்பிரஸ்ஸுங்கறாங்க. எதுல போடறது?"

அடுத்த நாள் எனக்குப் பத்தாம் வகுப்பில் தமிழ் எடுத்த ஐயாவைப் பார்க்கப் போனேன். ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சுற்றுவட்டார ஊர்ப்பெயர்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் நூற்றுக்கு மேல் கணினியில் கிடக்கின்றன. "இதையெல்லாம் இணையத்தில் போட்டு வைக்க வேண்டும் தம்பி. எங்கே போடலாம்?" என்றார்.

கேள்வி ஒன்றுதான். ஆனால் இருவருக்கும் நான் சொன்ன பதில் வேறு. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் உங்களுக்கு எது பொருந்தும் என்று நீங்களே முடிவு செய்துவிடலாம்.

ஒரு தளத்துக்குள் இருக்கும் நான்கு பொருள்கள்

வெளியிலிருந்து பார்க்க ஒரே பொருளாகத் தெரிந்தாலும், இணையதளம் என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது. முதலாவது முகவரி, இதைத்தான் டொமைன் என்கிறோம். இரண்டாவது இடம். உங்கள் பக்கங்கள் எப்போதும் இணைப்பில் இருக்கும் ஏதோ ஒரு கணினியில் இருந்தாக வேண்டும். அந்த இடத்தை வாடகைக்குத் தருவது ஹோஸ்டிங். மூன்றாவது மென்பொருள், நீங்கள் தட்டச்சு செய்வதை அழகான பக்கமாக மாற்றுவது இதன் வேலை. நான்காவது உள்ளடக்கம், அதாவது உங்கள் எழுத்து, படம், விலைப்பட்டியல்.

கடைத்தெருவில் ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகை, கட்டடம், அலமாரி, சரக்கு. கட்டடம் பெரும்பாலும் வாடகைதான், அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் பெயர்ப்பலகையும் சரக்கும் கட்டடக்காரருக்குச் சொந்தம் என்று எழுதியிருந்தால் அந்த இடத்தில் கடை வைப்போமா? விக்ஸ், வேர்ட்பிரஸ், பிளாகர், ஷாப்பிஃபை என்று எந்த மேடையைப் பார்த்தாலும் கேட்க வேண்டியது இதுதான்: இந்த நான்கில் எது என் கையில் இருக்கும், எது அவர்கள் கையில் இருக்கும்? டெம்ப்ளேட் (ஆயத்த வடிவமைப்பு) எத்தனை, இழுத்துப் போட்டு வடிவமைக்கலாமா என்பதெல்லாம் இதற்குப் பிறகு வரும் கேள்விகள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்தவர்களுக்கு கூகுள் முன்பு இலவசமாக ஒரு சின்ன வெப்சைட்டும் கொடுத்தது. ஐந்து நிமிடத்தில் தயாராகிவிடும் என்பதால் சிறு கடைக்காரர்கள் பலர் அதையே தங்கள் தளமாக வைத்திருந்தார்கள். முகவரியின் பின்பாதி கூகுளுடையது. 2024 மார்ச்சில் கூகுள் அந்தச் சேவையை நிறுத்தியது. அந்த ஆண்டு ஜூன் 10 வரை பழைய முகவரிக்கு வந்தவர்களைக் கடையின் கூகுள் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். அதன் பிறகு அந்த முகவரிகளில் எதுவுமே திறக்கவில்லை. அவற்றை விசிட்டிங் கார்டில் அச்சிட்டிருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் உலகெங்கும் பல லட்சம் பேர் முதல் பக்கம் கட்டியது ஜியோசிட்டீஸில். 1999இல் யாஹூ அதை வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. ஆர்வலர்கள் ஓடியோடிப் பிரதி எடுத்ததால்தான் அதில் ஒரு பகுதியாவது மிஞ்சியது.

ஆகவே, மேடையைத் தேடும் முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: முகவரி, உள்ளடக்கம் இரண்டில் எது போனால் என்னால் தாங்கவே முடியாது?

சித்திக்கு முகவரி. அது பொட்டலத்தின் லேபிளில் அச்சாகி வீடு வீடாகப் போகப்போகிறது. அவருடைய உள்ளடக்கம் நான்கு பக்கம். தொலைந்தால் ஒரு பிற்பகலில் திரும்ப எழுதிவிடலாம். ஐயாவுக்கோ உள்ளடக்கம். அந்தக் கட்டுரைகளைத் திரும்ப எழுத யாராலும் முடியாது. பதில்கள் பிரிந்தது இந்த இடத்தில்தான்.

டொமைன்: எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்

எங்கள் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெப்சைட் செய்து கொடுத்தவரே டொமைனையும் வாங்கினார். தன் மின்னஞ்சலில், தன் பெயரில். கடைக்காரருக்கு அப்படி ஒன்று தனியாக இருப்பதே தெரியாது. இரண்டு ஆண்டுகளில் செய்து கொடுத்தவர் தொழிலை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் அவருடைய பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தன. டொமைன் காலாவதியாகி வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். இன்று அந்தப் பெயரைத் தட்டினால் சூதாட்டத் தளம் ஒன்று திறக்கிறது. பையில் அச்சிட்ட முகவரியை மறைக்க ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கடைப் பையனின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைபேசி எண்ணில் வாங்குங்கள். யாரிடமாவது வேலையைக் கொடுத்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து இந்த ஒன்றை மட்டும் நீங்களே செய்யுங்கள். டாட் இன், டாட் காம் இரண்டும் பொதுவாக ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும், கூடவே 18 விழுக்காடு ஜிஎஸ்டி. "முதல் ஆண்டு 99 ரூபாய்" என்று விளம்பரம் இருந்தால் இரண்டாம் ஆண்டின் விலை எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். நீங்கள் காலங்காலமாகக் கட்டப்போவது அந்தத் தொகையைத்தான்.

புதுப்பித்தலில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க முன்கூட்டியே இ-மேண்டேட் (தானாகப் பணம் எடுக்க நீங்கள் தரும் அனுமதி) பதிவு வேண்டும், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவலும் வர வேண்டும். வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காக வந்த நல்ல விதி. ஆனால் இந்த ஏற்பாட்டைச் செய்யாத வெளிநாட்டு நிறுவனத்திடம் டொமைன் வாங்கியிருந்தால் 'தானியங்கிப் புதுப்பித்தல்' என்று டிக் செய்திருந்தாலும் பணம் போகாது. நீங்கள் புதுப்பித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். டாட் காம் பெயர் காலாவதியானால் பொதுவாகச் சில வாரங்கள் அவகாசம் உண்டு. அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம். அப்போது கட்டணம் பல மடங்கு. அதையும் தவறவிட்டால் பெயர் யாருக்கு வேண்டுமானாலும் போகும். ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது நான் பார்த்தவரை நிம்மதியான வழி.

தமிழிலேயே முகவரி வைக்கலாமா என்று சிலர் ஆசையாகக் கேட்கிறார்கள். வைக்கலாம். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் இணையத்தின் மூலப் பட்டியலில் உள்ளவை. ஆனால் சில செயலிகளில் அந்த முகவரியை நகலெடுத்து ஒட்டினால் தமிழ் மறைந்து, யாருக்கும் புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாக மாறிவிடுகிறது. விருப்பமிருந்தால் இரண்டாவது பெயராக வாங்கி முதல் பெயருக்குத் திருப்பிவிடுங்கள். லேபிளில் அச்சிடுவதற்கு, ஃபோனில் வாயால் சொன்னால் எதிரில் இருப்பவர் தப்பில்லாமல் தட்டக்கூடிய பெயர்தான் நல்லது. "நடுவுல ஒரு கோடு, அப்புறம் இசட்" என்று விளக்க வேண்டிய பெயர் வேண்டாம்.

மேடைகள், ஒவ்வொன்றின் குணம்

எல்லாம் ஒரே கையில் கிடைக்கும் வகை விக்ஸும் ஸ்கொயர்ஸ்பேஸும். இடம், மென்பொருள், பாதுகாப்பு எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் உள்ளே போய்ப் படத்தை இழுத்து வைத்து, எழுத்தை மாற்றினால் போதும். தொழில்நுட்பம் துளியும் தெரியாதவர் ஒரே நாளில் பார்ப்பதற்கு நல்ல தளத்தோடு வெளியே வரலாம் என்பது உண்மை. விக்ஸில் இலவசத் திட்டம் உண்டு. ஆனால் அதில் அவர்கள் விளம்பரம் தெரியும், சொந்த டொமைனை இணைக்க முடியாது. ஸ்கொயர்ஸ்பேஸில் சோதனைக் காலம் மட்டுமே இலவசம். விக்ஸில் ஒரு டெம்ப்ளேட்டைத் தேர்ந்து தளத்தைக் கட்டிய பிறகு அதே தளத்துக்கு வேறு டெம்ப்ளேட்டை மாற்றிப் போட முடியாது. வேண்டுமென்றால் புதிதாகக் கட்ட வேண்டும். அதைவிட முக்கியம், விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வேறு ஹோஸ்டிங்குக்குப் போக வழி இல்லை. இதை அவர்களுடைய உதவிப் பக்கமே வெளிப்படையாகச் சொல்கிறது. நான்கு பக்கத் தளத்துக்கு இது பெரிய குறை ஆகாது. நானூறு கட்டுரை உள்ள தளத்துக்கு இது சிறை.

ஜோஹோ சைட்ஸும் இதே வகைதான். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் என்பதால் கட்டணம் ரூபாயில், பில்லில் ஜிஎஸ்டி எண்ணோடு வரும். கணக்கு வழக்கைச் சரியாக வைத்திருக்கும் சிறு தொழிலுக்கு அது ஒரு வசதி.

கூகுள் சைட்ஸ் முழுக்க இலவசம். விளம்பரம் இல்லை, சொந்த டொமைனை இணைக்கலாம். ஆனால் பொருளைத் தேர்ந்து வாங்கும் கார்ட், வலைப்பதிவு எதுவும் இல்லை, அலங்காரமும் குறைவு. நான்கைந்து பக்கத் தகவல் தளத்துக்கு மேல் அதில் எதிர்பார்க்கக் கூடாது.

பிளாகர் 1999இல் பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் தொடங்கியது. 2003இல் கூகுள் வாங்கியது. தமிழில் வலைப்பூக்கள் பெருகிய காலத்தில் மிகப் பலர் எழுதத் தொடங்கிய இடம் அதுதான். இன்றும் இலவசம், சொந்த டொமைனை இணைப்பதற்கும் கட்டணம் இல்லை. பார்க்கப் பழைய வீடு மாதிரிதான் இருக்கும். பல ஆண்டுகளாகப் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் எழுதியதை மொத்தமாக ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், அந்தக் கோப்பை வேர்ட்பிரஸ் படிக்கும்.

வேர்ட்பிரஸ் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். 2003 மே மாதம் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் வெளியிட்ட மென்பொருள் அது. வளர்ச்சி நின்றுபோயிருந்த பி2 என்ற பழைய வலைப்பதிவு மென்பொருளை எடுத்து மேலே கொண்டுபோனார்கள். கட்டற்ற மென்பொருள் என்பதால் யாரும் இறக்கிப் பயன்படுத்தலாம், மாற்றலாம். இன்று உலகின் இணையதளங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் 'வேர்ட்பிரஸ்' என்ற பெயரில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. டாட் ஆர்க் என்று முடிவது மென்பொருளின் வீடு. அங்கே மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் அதை வைக்க நீங்கள்தான் ஹோஸ்டிங் வாங்க வேண்டும். டாட் காம் என்று முடிவது, முல்லன்வெக் தொடங்கிய ஆட்டோமேட்டிக் நிறுவனம் 2005 முதல் நடத்தும் சேவை. அங்கே ஹோஸ்டிங்கையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இலவசத் திட்டம் உண்டு, ஆனால் விளம்பரம் வரும், பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) சேர்க்க முடியாது. யூடியூபில் ஒருவர் காட்டும் பொத்தான் உங்கள் திரையில் இல்லையே என்று நீங்கள் தலையைச் சொறிந்தால், பெரும்பாலும் காரணம் அவர் ஆர்க்கில் இருப்பதும் நீங்கள் காமில் இருப்பதும்தான்.

நீங்களே ஹோஸ்டிங் வாங்கி நிறுவும் வேர்ட்பிரஸில் நான்கு பொருள்களும் உங்கள் கையில் இருக்கும். ஹோஸ்டிங்காரர் சரியில்லை என்றால் மொத்தத்தையும் மூட்டை கட்டி வேறு இடத்துக்குப் போகலாம், வாசகருக்கு எதுவும் தெரியாது. அதற்கு ஈடாக, தளத்தைப் பராமரிக்கும் பொறுப்பும் உங்களுடையது. வேர்ட்பிரஸ் தளங்களில் புகுந்து குழப்பம் செய்கிறவர்கள் பெரும்பாலும் நுழைவது பழைய பிளகின் வழியாக. ஆகவே மாதம் ஒருமுறையாவது உள்ளே போய் எல்லாவற்றையும் அப்டேட் செய்ய வேண்டும், பேக்கப் எடுத்து அந்த ஹோஸ்டிங்குக்கு வெளியே ஓரிடத்தில் வைக்க வேண்டும். பயன்படுத்தாத பிளகினை அழித்துவிட வேண்டும். இன்னொன்றை மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன்: காசு கட்டி வாங்க வேண்டிய 'தீம்' (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புத் தொகுப்பு) ஒன்றை யாராவது டெலிகிராமில் சும்மா கொடுத்தால் தொடாதீர்கள். அப்படிப் பரவும் தீம்களில் கள்ள நிரலை ஒளித்து வைப்பது வழக்கமாக நடப்பது. சும்மா கிடைத்த தீமால் தளத்தையே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முழுக் கடை வேண்டுமென்றால் ஷாப்பிஃபை அல்லது வேர்ட்பிரஸ் மேல் நிறுவும் வூகாமர்ஸ். ஷாப்பிஃபை கனடாவின் ஒட்டாவாவில் பிறந்தது. பனிச்சறுக்குப் பலகை விற்க நல்ல மென்பொருள் கிடைக்காமல் தாங்களே எழுதிக்கொண்டவர்கள், 2006இல் அந்த மென்பொருளையே தொழிலாக்கினார்கள். சரக்கு இருப்பு, தள்ளுபடி, அனுப்புதல் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனால் மாத வாடகையோடு, வெளியார் பேமென்ட் கேட்வேயை (ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் சேவையை) பயன்படுத்தினால் ஒவ்வொரு விற்பனைக்கும் தனியாக ஒரு பங்கு எடுப்பார்கள். அதைக் கணக்கில் சேர்க்காமல் முடிவெடுக்காதீர்கள். வெளிநாட்டு டெம்ப்ளேட்டில் பேபால் பொத்தான் இருப்பதைப் பார்த்து நம்பிவிடவும் வேண்டாம். இந்தியாவுக்குள் வாங்கி விற்பதற்கான சேவையை பேபால் 2021 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. உள்ளூர் கேட்வே எதுவாக இருந்தாலும் பான் கார்டு, வங்கிக் கணக்கு கேட்பார்கள். தளத்தில் தொடர்பு முகவரி, பணம் திருப்பித் தரும் விதிமுறை ஆகிய பக்கங்கள் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச வழிகளும் உண்டு. அது தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

தமிழில் தளம் வைப்பவர்கள் பார்க்க வேண்டியது

வெளிநாட்டுக் காணொளிகள் எதிலும் இதைச் சொல்ல மாட்டார்கள். மேடையின் மாதிரிப் பக்கத்தை ஆங்கிலத்தில் பார்த்து மயங்காமல், இலவசக் கணக்கு ஒன்றைத் தொடங்கி ஒரு பக்கம் தமிழில் எழுதிப் பாருங்கள். பல டெம்ப்ளேட்டுகளின் எழுத்துருவில் தமிழ் இருக்காது. அப்போது உலாவி ஃபோனில் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போடும். உங்கள் ஃபோனில் அழகாகத் தெரிவது, இன்னொருவர் ஃபோனில் வேறு மாதிரி தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பவனம் ஆகியவை கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் நல்ல தமிழ் எழுத்துருக்கள். நீங்கள் பார்க்கும் மேடையில் இவற்றில் ஒன்றையாவது சேர்க்க முடிகிறதா?

பிறகு வரி இடைவெளி. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த டெம்ப்ளேட்டில் தமிழ் போட்டால் மேலே புள்ளியும் கீழே 'கூ', 'ளு' ஆகியவற்றின் வாலும் அடுத்த வரியோடு முட்டும். எழுத்தளவைப் போல 1.6 மடங்கு இடைவெளி வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். தலைப்பில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைக்கும் அலங்காரம் இருந்தால் எடுத்துவிடுங்கள். தமிழ்ச் சொல் உதிர்ந்துபோய்க் கிடப்பது போலிருக்கும். அமைப்பில் தளத்தின் மொழி தமிழ் என்று குறிக்கவும் மறக்காதீர்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் பார்த்துத்தான் எந்தக் குரலில் படிப்பது என்று முடிவு செய்கிறது.

அடுத்தது பக்கத்தின் முகவரி. தலைப்பைத் தமிழில் எழுதினால் வேர்ட்பிரஸ் அதிலிருந்தே முகவரியை உருவாக்கும். ஆனால் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறிமுறை) குறியும் முகவரியில் ஒன்பது குறிகளாக விரியும், வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்கியிருப்பது மொத்தம் 200. "பருப்புப் பொடி செய்வது எப்படி" என்பதில் 26 யூனிகோடு குறிகள் இருக்கின்றன. அந்தச் சின்னத் தலைப்பே முழுதாக நிற்காமல் வெட்டுப்பட்டுவிடும், வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் விழுக்காட்டுக் குறிகளின் நீண்ட வால் போலத் தெரியும். பிளாகர் வேறு வகை: தமிழ்த் தலைப்பைக் கண்டால் 'பிளாக் போஸ்ட்' என்று எழுதிப் பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடும். இரண்டிலுமே வெளியிடும் முன் முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே எழுத வழி இருக்கிறது. முதல் நாளிலிருந்தே செய்யுங்கள். பின்னால் மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் அறுந்துபோகும்.

எழுத்துரு அழகாக இல்லை என்று விலைப்பட்டியலை ஃபோட்டோஷாப்பில் செய்து படமாக ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தேடுகிறவர் கண்ணில் அது பட வாய்ப்பு குறைவு. அதிலிருந்து ஒரு சொல்லைக்கூட நகலெடுக்க முடியாது. எழுத்தை எழுத்தாகவே போடுங்கள்.

இருவருக்கும் சொன்னது

சித்தியிடம் முதலில் டொமைன் வாங்கச் சொன்னேன். அவர் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், ஐந்து ஆண்டுகளுக்கு. அதை கூகுள் சைட்ஸில் இணைத்தோம். முன்னால் மூடப்பட்ட கதையைச் சொல்லிவிட்டு அதே நிறுவனத்தின் இலவசச் சேவையா என்று உங்களுக்குத் தோன்றலாம். பெயர்ப்பலகை சித்தியுடையது என்பதால் இந்தத் துணிவு. நாளைக்கு அந்தச் சேவை நின்றால் நான்கு பக்கத்தையும் வேறு எங்காவது எழுதி, டொமைனை அந்தப் பக்கம் திருப்பிவிடலாம். லேபிளில் உள்ள முகவரி மாறாது. வேர்ட்பிரஸ் வைத்துக் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் மாதாமாதம் அப்டேட் யார் செய்வது? நான் செய்கிறேன் என்று வாய் சொல்லும். நான் வெளியூரில் இருக்கிறேன், சித்திக்கோ பொடி இடிக்கவே நேரம் போதவில்லை. பராமரிக்க ஆள் இல்லாத வேர்ட்பிரஸைவிட எளிமையான நான்கு பக்கம் மேல்.

ஆன்லைன் பேமென்ட்டும் வைக்கவில்லை. ஒவ்வொரு பொடிக்கும் கீழே ஒரு வாட்ஸ்அப் பொத்தான். தொட்டால் நேரே சித்தியின் எண்ணுக்குச் செய்தி போகும், பணம் யுபிஐயில் வந்துவிடும். தினம் இருபது ஆர்டர் வந்து கணக்குத் தப்பத் தொடங்கினால் அப்போது வூகாமர்ஸ் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். படங்களை மட்டும் சிறிதாக்கினோம். ஃபோனில் எடுத்தது ஒவ்வொன்றும் 4 எம்பி. அப்படியே ஏற்றினால் சிக்னல் குறைவான இடத்தில் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். 200 கேபிக்குள் சுருக்கினாலே பொடியின் நிறம் நன்றாகத் தெரிந்தது.

ஐயாவுக்கு யோசித்தது வேறு வழியில். அவரே கேட்டார்: "எனக்குப் பிறகு இதற்கு யார் பணம் கட்டுவார்கள்?" அந்தக் கேள்விதான் முடிவைத் தீர்மானித்தது. சொந்த டொமைன் பணம் கட்டும்வரைதான் சொந்தம். பல ஆண்டுகள் எழுதப்பட்ட நல்ல தமிழ்த் தளங்கள், நடத்தியவர் மறைந்த பிறகு அல்லது மறந்த பிறகு டொமைன் காலாவதியாகிக் காணாமல் போயிருக்கின்றன. அதே காலத்தில் பிளாகரின் இலவச முகவரியில் எழுதி, பிறகு எழுதுவதையே விட்டுவிட்டவர்களின் பதிவுகள் இன்றும் திறக்கின்றன. முகவரி சொந்தமாக இருக்க வேண்டும் என்று நான் மேலே அழுத்திச் சொன்னது தொழில் செய்கிறவருக்கு. கட்டணமே இல்லாமல் நிற்க வேண்டிய எழுத்துக்கு அந்த விதி அப்படியே பொருந்தாது.

ஆகவே ஐயாவுக்கு பிளாகர், அதன் இலவச முகவரியே. கூடவே மூன்று ஏற்பாடுகள் செய்தோம். கூகுள், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை 2023இல் கொண்டுவந்தது. எனவே அந்தக் கணக்கில் 'செயலற்ற கணக்கு' அமைப்பில் அவருடைய மகளின் மின்னஞ்சலைக் கொடுத்தோம். ஐயா நீண்ட நாள் நுழையாவிட்டால் மகளுக்குத் தகவல் போகும், தரவும் கிடைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பதிவையும் ஒரே கோப்பாக இறக்கி, பென்டிரைவில் ஒன்றும் மகளிடம் ஒன்றுமாக வைப்பது இரண்டாவது. மூன்றாவது, ஒவ்வொரு கட்டுரையும் வெளியானதும் அதன் முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கொடுத்து ஒரு பிரதி சேமிப்பது. 1996இல் தொடங்கிய அந்த இணைய நூலகம் இப்படிப் பிரதி சேமிக்கக் கட்டணம் வாங்குவதில்லை.

எதிர்பாராத வேலை ஒன்றும் வந்தது. ஐயாவின் பழைய கோப்புகளெல்லாம் வானவில் என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அப்படியே ஒட்டினால் வெறும் ஆங்கிலக் குறிகளாகத்தான் வரும். எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, கெட்டுப்போன இடங்களைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது. ஐயா ஒரு நாளைக்கு ஒரு கட்டுரை என்று கணக்கு வைத்துக்கொண்டு, மாற்றியதைத் தாளில் அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் திருத்துகிறார். பத்தாம் வகுப்பில் என் கட்டுரை நோட்டில் ஒற்றுப்பிழைகளைச் சுழித்த அதே கையெழுத்து. நேற்று வரை பதினேழு கட்டுரைகள் ஏறியிருக்கின்றன.